பயனரின் தேவை ஒன்று, எதிர்பார்ப்பு வேறொன்று: இடைமுக வடிவமைப்பில் இரண்டையும் பிரித்தறிந்து கையாளும் முறை

மருத்துவர்களைச் சந்திக்க நேரம் ஒதுக்கித் தரும் ஒரு மென்பொருளின் திரைகளைச் சீரமைக்கும் பணி சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தபோது, அதனுடன் ஒரு வரிக் கோரிக்கையும் வந்தது: "மாத நாட்காட்டி பெரிதாகத் தெரிய வேண்டும்." கேட்டவர்கள் அந்த மென்பொருளை நாள் முழுவதும் பயன்படுத்தும் வரவேற்பாளர்கள் என்பதால், அதை அப்படியே செய்து கொடுத்துவிடலாம் என்றுதான் குழுவில் பலரும் நினைத்தோம். ஆனாலும் வரையத் தொடங்குமுன் ஒரு முற்பகல் முழுவதும் ஒரு வரவேற்பாளரின் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்தேன். தொலைபேசி ஒலிக்கும், "சீக்கிரம் எப்போது பார்க்க முடியும்?" என்று மறுமுனையில் கேட்பார்கள், அவர் நாட்காட்டியைத் திறந்து, இன்றைய தேதியைத் தட்டி, இடமில்லை என்று கண்டு மூடி, நாளைய தேதியைத் தட்டி, அதையும் மூடி, அடுத்த நாளுக்குப் போவார். ஒரே அழைப்பில் ஏழு நாட்களை அவர் இப்படித் திறந்து மூடியதை எண்ணினேன்.

அவருடைய வலப்பக்கம் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருந்தன. அழைத்தவர் "வீட்டில் கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் சொல்கிறேன்" என்றால், அந்த நேரத்தைக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வார். அடுத்தவருக்கு நேரம் கொடுக்குமுன் திரையையும் பார்ப்பார், குறிப்பேட்டையும் பார்ப்பார். முதலில் அழைத்தவர் உறுதி செய்ததும் மென்பொருளில் பதிந்துவிட்டு, குறிப்பேட்டில் இருந்ததை அழித்துவிடுவார். எங்களுக்கு வந்த கோரிக்கையில் இந்தக் குறிப்பேட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, "இதுவா, இது சும்மா எனக்காக" என்றார்.

பெரிய நாட்காட்டி என்பது அவருடைய எதிர்பார்ப்பு. முதலில் காலியாகும் நேரத்தை உடனே அறிவதும், உறுதியாகாத நேரத்தைச் சிறிது நேரம் பிடித்து வைப்பதும் அவருடைய தேவைகள். எதிர்பார்ப்பை அவரே சொன்னார். தேவைகளைச் சொல்லவில்லை, அவருடைய கைகள்தான் காட்டின. இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதுவதால் வரும் குழப்பத்தைப் பல பணிகளில் பார்த்திருக்கிறேன். அவற்றைத் தனித்தனியாகக் கண்டறிந்து, தனித்தனியாக எழுதி, மோதும் இடத்தில் எதற்கு இடம் கொடுப்பது என்று முடிவு செய்யும் முறையைக் கீழே விளக்குகிறேன்.

இரண்டையும் பிரித்துப் பார்த்தல்

ஒன்று தேவையா எதிர்பார்ப்பா என்று ஐயம் வந்தால், நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் இது அந்த மனிதருக்கு வேண்டியிருக்குமா? மென்பொருள் இல்லாவிட்டாலும் வரவேற்பாளர் முதல் காலி நேரத்தைச் சொல்லத்தான் வேண்டும். அழைத்தவர் யோசிக்கும்வரை அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுக்காமல் இருக்கத்தான் வேண்டும். ஆகவே அவை தேவைகள். மாத நாட்காட்டி, அதன் கட்டங்கள், வலமும் இடமும் உள்ள அம்புக்குறிகள் எல்லாம் அவர் இதற்கு முன் பயன்படுத்திய கருவிகளிலிருந்து வந்தவை. தேவை வேலையிலிருந்து பிறக்கிறது. எதிர்பார்ப்பு பழக்கத்திலிருந்து பிறக்கிறது.

இதனால் எதிர்பார்ப்பு தாழ்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "மக்கள் கேட்பது வேறு, அவர்களுக்கு வேண்டியது வேறு" என்பதைப் பிடித்துக்கொண்டு, பயனர் சொல்வதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தன் விருப்பப்படி வரையும் வடிவமைப்பாளர்கள் உண்டு. அது பெரும் தவறு. எதிர்பார்ப்பு என்பது பயனர் ஏற்கெனவே உழைத்துக் கற்றுச் சேர்த்து வைத்திருக்கும் அறிவு. அதைப் பயன்படுத்திக்கொண்டால் நாம் எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. பயனர்கள் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியைப் பிற தளங்களில்தான் செலவிடுகிறார்கள், ஆகவே நம் தளமும் அவற்றைப் போலவே இயங்கும் என்றுதான் நினைப்பார்கள் என, இணையதளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியது இன்றும் அப்படியே பொருந்துகிறது.

எதிர்பார்ப்பை மதித்து ஆராய்ந்ததற்குத் தொலைபேசியின் எண் பொத்தான்கள் நல்ல எடுத்துக்காட்டு. சுழற்றும் வட்டுக்குப் பதிலாகப் பொத்தான்கள் வரப்போகின்றன என்ற நிலையில், பத்துப் பொத்தான்களில் எந்த எண் எங்கே இருக்கும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பதை மேரி லட்ஸ், அல்ஃபான்ஸ் சபானிஸ் ஆகிய இருவரும் ஆராய்ந்து 1955இல் வெளியிட்டார்கள். எண் எழுதாத பொத்தான்களைக் காட்டி, எந்த எண்ணை எங்கே போடுவீர்கள் என்று கேட்பதுதான் அந்த ஆய்வின் அடிப்படை. 1, 2, 3 ஆகியவை மேல் வரிசையில் இருக்கும் என்றே மக்கள் எதிர்பார்த்தார்கள். அதன் பிறகு அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் டெய்னிங்கர் என்ற ஆய்வாளர் பலவகை அமைப்புகளைச் செய்து, மக்களைக் கொண்டு எண்களை அழுத்திப் பார்க்கச் சொல்லி 1960இல் முடிவுகளை எழுதினார். வேகத்திலும் பிழையிலும் அமைப்புகளுக்கு இடையே பெரிய வேறுபாடு இல்லை. 1963இல் பொத்தான் தொலைபேசி பயன்பாட்டுக்கு வந்தபோது 1, 2, 3 மேலே இருந்தன. கணக்கிடும் பொறிகளில் 7, 8, 9 மேலே இருப்பது ஏற்கெனவே வழக்கத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிழையின்றி விரைவாக எண்ணை அழுத்துவது தேவை. அதைப் பல அமைப்புகள் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைவேற்றுகின்றன என்றால், அவற்றுள் மக்கள் எதிர்பார்க்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க நாம் தயங்கவே வேண்டாம்.

தேவையைக் கண்டறிய: வேலை நடக்கும் இடத்தில் அமர்ந்து பார்த்தல்

தேவையை நேர்காணல் அறையில் கண்டுபிடிப்பது கடினம். மனிதர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது அது எப்படி நடக்க வேண்டுமோ அப்படிச் சொல்வார்கள். செய்யும்போதுதான் அது உண்மையில் எப்படி நடக்கிறது என்பது தெரியும். எனவே முடிந்தவரை அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே சென்று, அவர்களுடைய கணினியில், அவர்களுடைய இரைச்சலுக்கும் குறுக்கீடுகளுக்கும் நடுவில் பாருங்கள். நேரில் செல்ல முடியாதபோது திரைப்பகிர்வு வழியாகப் பார்க்கலாம்; ஆனால் திரைக்கு வெளியே இருக்கும் பென்சிலும் குறிப்பேடும் அதில் தெரியாது என்பதை நினைவில் வைத்து, "மேசையில் வேறு என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று தவறாமல் கேளுங்கள்.

பார்க்கும்போது இரண்டை மட்டும் தேடினால் போதும் என்பது என் அனுபவம். முதலாவது, மென்பொருளுக்கு வெளியே நடக்கும் வேலை: திரையைப் படம் பிடித்துத் தனக்கே அனுப்பிக்கொள்வது, தகவலை நகலெடுத்து எக்செல் தாளில் ஒட்டுவது, கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் தாள், பக்கத்து மேசைக்காரரிடம் கேட்கும் கேள்வி. இவை ஒவ்வொன்றும் நம் இடைமுகம் நிறைவேற்றாத ஒரு தேவையின் அடையாளம். இரண்டாவது, திரும்பத் திரும்ப நடக்கும் ஒரே செயல்: திறந்து மூடுவது, மேலும் கீழும் ஸ்க்ரோல் செய்வது, ஒரே எண்ணை இரண்டு இடங்களில் தட்டச்சு செய்வது. பயனருக்கு இவை பழகிப் போனவை. அவர் குறையாகச் சொல்ல மாட்டார். அதனால்தான் "உங்களுக்கு என்ன சிரமம்?" என்ற கேள்விக்கு "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்ற விடை வருகிறது.

கேள்வி கேட்டே ஆக வேண்டுமென்றால் நடந்து முடிந்ததைக் கேளுங்கள். "இப்படி ஒரு வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் நம் மனம் கோணாமல் இருப்பதற்காகவே "ஆம்" என்பார்கள். "கடைசியாக ஒருவருடைய நேரத்தை மாற்ற வேண்டி வந்தது எப்போது? அன்று என்ன செய்தீர்கள்? அதற்குப் பிறகு?" என்று கேட்டால், கற்பனைக்கு இடமில்லாமல் நடந்தது வெளிவரும்.

பார்த்ததை எழுதும்போது ஒரு கட்டுப்பாட்டை நான் விடாமல் பின்பற்றுகிறேன்: தேவையை விவரிக்கும் வாக்கியத்தில் இடைமுகத்தின் உறுப்பு எதையும் பெயர் சொல்லக் கூடாது. பொத்தான், மெனு, பட்டியல், நாட்காட்டி, அறிவிப்பு, வடிகட்டி ஆகிய சொற்கள் வந்தால் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு மீண்டும் எழுதுவேன். "வரவேற்பாளருக்குப் பெரிய நாட்காட்டி தேவை" என்பது விழுந்துவிடும். "தொலைபேசியில் ஒருவர் காத்திருக்கும்போது, குறிப்பிட்ட மருத்துவரிடம் முதலில் காலியாகும் நேரத்தை, மறுமுனையில் மௌனம் நீளாமல் வரவேற்பாளர் சொல்ல வேண்டும்" என்பது நிற்கும். இரண்டாவது வாக்கியத்தில் யார், எந்த நிலையில், எதை, எவ்வளவு விரைவாக என்பது எல்லாம் இருக்கிறது. அதை நிறைவேற்ற ஐந்தாறு வழிகளையும் யோசிக்க முடிகிறது. முதல் வாக்கியத்துக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு.

எத்தனை பேரைப் பார்ப்பது என்பது எப்போதும் கேட்கப்படும் கேள்வி. ஒரே வகை வேலை செய்பவர்களில் ஐந்தாறு பேரைப் பார்த்தால், கடைசி ஓரிருவரிடம் புதிதாக ஒன்றும் கிடைக்காத நிலை பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் நீங்கள் பார்ப்பது ஒரே வகையினரை அல்ல என்று பொருள், பிரித்துப் பாருங்கள்.

எதிர்பார்ப்பைக் கண்டறிய: தொடுவதற்கு முன் சொல்லச் சொல்லுதல்

எதிர்பார்ப்பு, திரையைத் தொட்ட அந்தக் கணத்திலேயே மறைந்துவிடும் இயல்புடையது. பொத்தானை அழுத்தி விளைவைப் பார்த்துவிட்டவரிடம் "இதைத்தான் எதிர்பார்த்தீர்களா?" என்று கேட்டால், பார்த்ததையே எதிர்பார்த்ததாக அவர் நினைத்துக்கொள்வார். எனவே கேள்வி முன்னதாக வர வேண்டும். முன்மாதிரியைத் தாளில் அச்சிட்டோ திரையில் நிறுத்தி வைத்தோ, பயனரின் விரல் பொத்தானை நோக்கிப் போகும்போது நிறுத்தி, "இதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் சொல் மாறாமல் எழுதிக்கொண்டு, பிறகு அழுத்தச் சொல்லுங்கள். அவர் சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் தேடி வந்தது.

லட்ஸும் சபானிஸும் செய்ததைப் போல, வெற்றுக் கட்டங்களைக் கொடுத்து நிரப்பச் சொல்வதும் இன்றும் பயன்தரும் முறை. திரையின் வெளிக்கோட்டை மட்டும் தாளில் வரைந்து கொடுத்து, "தேடல் பெட்டி எங்கே இருக்கும்? வெளியேறுவது எங்கே? நீங்கள் பதிந்ததை மாற்ற எங்கே போவீர்கள்?" என்று கேட்டுக் குறிக்கச் சொன்னால், பத்து நிமிடத்தில் ஒருவருடைய மனத்தில் இருக்கும் வரைபடம் தாளில் வந்துவிடும். மெனுவில் எதை எதன்கீழ் வைப்பது என்பதற்குச் சீட்டுப் பிரிக்கும் முறை உதவும்: ஒவ்வொரு செயலையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, தொடர்புடையவற்றைச் சேர்த்து அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் அவர்களையே பெயர் வைக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்கள், நிறுவனத்துக்குள் நாம் வழங்கும் பெயர்களைவிட எப்போதும் எளிமையாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

எதிர்பார்ப்பு என்றதும் பொத்தான் இருக்கும் இடத்தை மட்டுமே பலர் நினைக்கிறார்கள். இடத்தைத் தவிர வேறு மூன்றும் உண்டு. ஒன்று சொல்: "சமர்ப்பி" என்று இருந்தால் இனி மாற்ற முடியாது என்றும், "சேமி" என்று இருந்தால் திரும்ப வந்து திருத்தலாம் என்றும் பயனர் எடுத்துக்கொள்கிறார். மற்றொன்று நேரம்: தட்டியதற்கு 0.1 நொடிக்குள் திரை அசைந்தால் அது உடனே நடந்ததாகத் தோன்றும், 1 நொடி வரை எண்ணத்தின் ஓட்டம் அறுபடாது, 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும் என்பது இத்துறையில் நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் அளவு. மூன்றாவது, நிலை: இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது, நான் செய்தது பதிந்ததா இல்லையா என்பதைத் திரையிலிருந்து பயனர் ஊகித்துக்கொள்ளும் முறை. மூன்றிலும் மிகக் கடுமையான விளைவுகளைத் தருவது இந்தக் கடைசி வகைதான்.

விளக்கு சொன்னதும் வால்வு செய்ததும்

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்தை இடைமுகம் வடிவமைக்கும் ஒவ்வொருவரும் படித்துப் பார்க்க வேண்டும். உலையின் அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு வால்வு, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கு உரிய விளக்கு அணைந்திருந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்றே அங்கிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்வது முழுக்க இயல்பானது. ஆனால் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. வால்வைத் திறந்து வைக்கும் மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டியது. குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் மையப்பகுதி ஓரளவு உருகியது. விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், அந்த விளக்கு அவற்றுள் முக்கியமானது.

வால்வு உண்மையில் மூடியதா என்பதை அறிவது அங்கே தேவை. விளக்கு வால்வைப் பற்றித்தான் பேசும் என்பது எதிர்பார்ப்பு. பொறிக்குத் தெரிந்ததோ ஆணை போய்விட்டது என்பது மட்டும். இதே இடைவெளி நம் திரைகளிலும் நாள்தோறும் இருக்கிறது. பணம் அனுப்பும் செயலியில் கோரிக்கை வழங்கிக்குச் சென்றவுடனேயே பச்சை நிறத்தில் "வெற்றி" என்று காட்டுவது, இணையம் இல்லாதபோதும் "சேமிக்கப்பட்டது" என்று காட்டுவது, மின்னஞ்சல் வரிசையில் நிற்கும்போதே "அனுப்பப்பட்டது" என்பது ஆகிய எல்லாம் அந்த விளக்கின் வழிவந்தவை.

இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. உங்கள் இடைமுகத்தில் நிலையைக் காட்டும் ஒவ்வொரு குறியையும் சொல்லையும் நிறத்தையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகளை எழுதுங்கள்: இதைக் காட்டும் கணத்தில் கணினிக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன? இதைப் பார்த்ததும் பயனர் முடிவு செய்வது என்ன? அந்த முடிவை நம்பி அவர் அடுத்துச் செய்வது என்ன? முதல் விடைக்கு நிரலாளரிடம் செல்லுங்கள், இரண்டாவதற்குப் பயனரிடம் செல்லுங்கள். இரண்டையும் நீங்களே ஊகித்து நிரப்பினால் இந்தப் பயிற்சியால் பயனில்லை. முதல் இரண்டும் வேறுபட்டு, மூன்றாவதில் பணமோ உடல்நலமோ திரும்பப் பெற முடியாத தகவலோ இருக்குமானால், மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதை முதலில் திருத்துங்கள். திருத்தம் பெரும்பாலும் சிறியதுதான்: "வெற்றி" என்பதை "வங்கிக்கு அனுப்பியுள்ளோம், இன்னும் உறுதியாகவில்லை" என்று மாற்றி, உறுதியானதும் வேறொரு தோற்றத்தில் காட்டுவது.

இரண்டு பத்திகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தல்

இப்போது உங்களிடம், அட்டவணையில் இருப்பதுபோல, தேவைகள் ஒரு பத்தியாகவும் எதிர்பார்ப்புகள் மற்றொரு பத்தியாகவும் இருக்கும். ஒன்றுக்கொன்று பொருந்தும் இடங்களில் புதுமை வேண்டாம். வழக்கத்தில் இருப்பதையே வையுங்கள், உங்கள் உழைப்பை வேறிடத்துக்குச் சேமியுங்கள்.

தேவை இருந்தும் அதற்கு எதிர்பார்ப்பே இல்லாத இடம்தான் வடிவமைப்பாளர் உண்மையில் பயன்படும் இடம். முதல் காலி நேரத்தை மென்பொருளே சொல்லும் என்று வரவேற்பாளர் எதிர்பார்க்கவில்லை. ஆகவே அதற்கென்று தனிப் பக்கமோ மெனுவில் ஒரு வரியோ வைத்திருந்தால் அவர் அங்கே போயிருக்கவே மாட்டார். நாட்காட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டு, அதன் தலைக்கு மேலே, மருத்துவரின் பெயரைத் தேர்ந்தவுடன் அவருடைய அடுத்த மூன்று காலி நேரங்களும் தெரியும்படி ஒரு வரியைச் சேர்த்தோம். எதிர்பார்க்காத ஒன்றைப் பயனர் தேடி வர மாட்டார். அவர் ஏற்கெனவே நடக்கும் பாதையில் அதை வைக்க வேண்டும். பென்சில் குறிப்புக்குப் பதிலாக, நேரத்தைத் தட்டியதும் "பதிவு செய்" என்பதன் பக்கத்திலேயே "15 நிமிடம் பிடித்து வை" என்று ஒரு பொத்தான் வந்தது. பிடித்து வைத்த நேரம் சாம்பல் நிறத்தில், அழைத்தவரின் பெயரோடு எல்லாருடைய திரையிலும் தெரிந்தது. 15 நிமிடத்தில் தானாக விடுபட்டது.

எதிர்பார்ப்பு இருந்து தேவை இல்லாத இடத்தில் அவசரப்படாதீர்கள். தானாகவே சேமிக்கும் மென்பொருளில் "சேமி" பொத்தானுக்கு வேலை இல்லைதான். ஆனால் அதை எடுத்துவிட்டால் பயனர் தன் உழைப்பு தொலைந்துவிடுமோ என்று அஞ்சுவார். அந்த அச்சம் உண்மையானது. பொத்தானை எடுத்தால் அது இருந்த இடத்தில் "எல்லா மாற்றங்களும் சேமிக்கப்பட்டன" என்ற வரியாவது நிற்க வேண்டும். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8, பல ஆண்டுகளாகத் திரையின் இடது கீழ் மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை நீக்கியது. சுட்டியை அந்த மூலைக்குக் கொண்டு சென்றால் அதே இடத்துக்குப் போகலாம் என்றாலும், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த ஆண்டே 8.1 பதிப்பில் அந்தப் பொத்தான் திரும்பி வந்தது. அதன் மூலம் எதிர்பார்ப்பை வைத்துக்கொள்வதற்கு ஆகும் செலவு, அதை நீக்குவதால் வரும் செலவைவிட எவ்வளவு குறைவு என்பது தெரிகிறது.

எதிர்பார்ப்பை வேண்டுமென்றே மீற வேண்டிய நேரம்

சில இடங்களில் எதிர்பார்ப்பைப் பின்பற்றினால் தேவைக்குக் கேடு வரும். ஏடிஎம் இயந்திரம் அதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. பணம் எடுக்க வந்தவருக்குப் பணம் கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அட்டை வெளிவந்தால் அதை மறந்து நடந்துவிடுவார். முக்கிய நோக்கம் நிறைவேறிய பிறகு மிஞ்சி நிற்கும் சிறிய செயலை மறப்பது மனித இயல்பு. அதை மனஉறுதியாலோ எச்சரிக்கைப் பலகையாலோ தடுக்க முடியாது. ஆகவே அட்டையை எடுத்த பிறகே பணம் வரும் என்று வரிசையை மாற்றினார்கள். பணத்தை உடனே எதிர்பார்ப்பவர் சில நொடி கூடுதலாகக் காத்திருக்கிறார். அட்டையைத் தொலைக்காமல் வீடு திரும்புகிறார்.

அழிக்கும் செயலும் இப்படித்தான். "உறுதியாக நீக்க வேண்டுமா?" என்ற கேள்வியை எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள், எதிர்பார்ப்பதாலேயே படிக்காமல் "ஆம்" என்று தட்டிவிடுகிறார்கள். ஒருவரை இதற்காகவே பக்கத்திலிருந்து கவனித்தபோது, கேள்வி திரையில் தோன்றி முடியுமுன்பே சுட்டி "ஆம்" வரப்போகும் இடத்தில் போய்க் காத்திருந்தது. தவறு நடந்தது என்று அவருக்குத் தெரிவது அழித்த பிறகுதான். ஆகவே அவருக்குத் தேவைப்படுவது முன்கூட்டிய கேள்வி அல்ல, பின்னால் மீட்கும் வழி. உடனே நீக்கிவிட்டு, "நீக்கப்பட்டது, மீட்டெடு" என்று சில நொடிகள் காட்டுவதும், அதற்குப் பிறகும் சில நாட்கள் குப்பைத்தொட்டியில் வைத்திருப்பதும் அந்தத் தேவையை நிறைவேற்றும். ஜிமெயில் 2009இல் சோதனை வசதியாகத் தொடங்கி 2015இல் எல்லாருக்கும் கொடுத்த, அனுப்பிய மடலைத் திரும்பப் பெறும் வசதி இதே சிந்தனையில் பிறந்தது: மடலைச் சில நொடிகள், அதிகபட்சம் 30 நொடிகள், வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. "அனுப்பு" தட்டிய அடுத்த நொடியில்தான் பெறுநர் பெயர் தவறு என்பது கண்ணில் படும் என்பதை அறிந்து செய்த வேலை அது.

மீறுவதென்று முடிவு செய்தால் சிலவற்றைக் கவனியுங்கள். மீறலால் தவிர்க்கப்படும் இழப்பு, பயனர் தடுமாறும் நேரத்தைவிடத் தெளிவாகப் பெரியதாக இருக்க வேண்டும். "இது இன்னும் அழகாக இருக்கிறது" என்பது போதாது. ஒரு வெளியீட்டில் ஓர் எதிர்பார்ப்பைத்தான் மீற வேண்டும். பலவற்றை ஒன்றாக மாற்றினால் எது பயனரைக் குழப்பியது என்று உங்களுக்கும் தெரியாது. மாறியது மாறியதாகவே தோன்ற வேண்டும்: பழைய உருவத்தில் புதிய செயலை ஒளித்து வைப்பதுதான் மிக மோசமான மீறல். முந்தைய மேக் கணினிகளில் வட்டை வெளியே எடுக்க அதன் ஐகானைக் குப்பைத்தொட்டிக்கு இழுக்க வேண்டியிருந்தது. வட்டில் உள்ளதெல்லாம் அழிந்துவிடுமோ என்று பலர் அஞ்சினார்கள். பின்னாளில், வட்டை இழுக்கத் தொடங்கியதுமே குப்பைத்தொட்டியின் படம் வெளியேற்றும் குறியாக மாறும்படி செய்தார்கள். செயல் அதேதான், அச்சம் போய்விட்டது. திரும்பிச் செல்லும் வழியையும் கொடுங்கள். 2011இல் ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்பில் ஸ்க்ரோல் திசையைத் தலைகீழாக்கியபோது, பழைய திசைக்கே மாறிக்கொள்ளும் அமைப்பையும் சேர்த்தே கொடுத்தது.

கோரிக்கைகளையும் காலத்தையும் பதிவு செய்தல்

வாடிக்கையாளரிடமிருந்தும் மேலாளரிடமிருந்தும் விற்பனைக் குழுவிடமிருந்தும் வரும் கோரிக்கைகள் பெரும்பாலும் எதிர்பார்ப்பின் மொழியிலேயே வரும்: "இங்கே ஒரு பட்டன் வேண்டும்." அதை மறுக்கவும் வேண்டாம், அப்படியே ஏற்கவும் வேண்டாம். கோரிக்கையை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எதிர்பார்ப்புப் பத்தியில் எழுதிவிட்டு, "கடைசியாக அந்தப் பட்டன் இல்லாமல் தவித்தது எப்போது?" என்று கேளுங்கள். விடை கிடைத்தால் தேவைப் பத்திக்கு ஒரு வாக்கியம் கிடைக்கும். வடிவமைப்பாளர் தன் சொந்தப் பழக்கத்தைப் பயனரின் எதிர்பார்ப்பு என்று எழுதிவிடும் ஆபத்தும் இருப்பதால், ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அதை யாரிடம் கேட்டோம் அல்லது பார்த்தோம் என்று குறித்து வையுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் அந்த வரி இன்னும் வெறும் ஊகம்தான்.

எதிர்பார்ப்புப் பத்தியில் தேதியும் அவசியம். 2009இல் ட்விட்டரைப் படிக்க உதவிய ட்வீட்டி என்ற செயலியில் அதை உருவாக்கிய லோரன் பிரிக்டர் திரையைக் கீழே இழுத்துப் புதுப்பிக்கும் முறையைக் கொண்டுவந்தபோது யாரும் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. சில ஆண்டுகளில் அது இல்லாத செயலியில் விரல் தானாக இழுத்துப் பார்த்து ஏமாறும் நிலை வந்தது. இன்று மகிழ்ச்சி தரும் வசதி நாளை இருந்தே ஆக வேண்டிய ஒன்றாகிவிடும் என்பதை 1984இல் ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோ முன்வைத்த கோட்பாட்டைக் கொண்டு பலரும் விளக்குவார்கள். ஓராண்டுக்கு மேல் பழையதாகிவிட்ட எதிர்பார்ப்பு வரிகளை மீண்டும் சோதித்துப் பாருங்கள். தேவை வரிகள் அவ்வளவு விரைவில் மாறா; வேலை மாறினால்தான் அவை மாறும்.

வெளியிட்ட பிறகு எதை அளப்பது என்பதையும் இந்தப் பத்திகளே சொல்லிவிடும். வரவேற்பாளரின் மென்பொருளில் நாங்கள் பார்க்க வேண்டியிருந்தது, மேசையில் அந்தக் குறிப்பேடு இன்னும் இருக்கிறதா என்பதை. ஆறு வாரம் கழித்துச் சென்றபோது இருந்தது. திறந்து காட்டச் சொன்னேன். பென்சிலால் எழுதிய நேரங்கள் எதுவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் பெயர்களும் தொலைபேசி எண்களும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. "இவர்களெல்லாம் யாராவது ரத்து செய்தால் கூப்பிடச் சொன்னவர்கள்" என்றார். அந்தப் பக்கத்தில் இருந்ததை, இடைமுகத்தின் உறுப்பு எதையும் பெயர் சொல்லாத ஒரு வாக்கியமாக்கி, அடுத்த சுற்றின் தேவைப் பத்தியில் முதல் வரியாக எழுதிக்கொண்டேன்.